சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு சட்டம் எழுதத் தெரிய வேண்டாமா?

கோர்ட்டில் வாதாட பயிற்சி உண்டு... கோட்டையில் சட்டம் உருவாகும் இடத்தில்? - ஒரு அலசல்

சென்னை:

தி.நகர் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் பெண்ணுக்கு உட்கார ஸ்டூல் உண்டா, இல்லையா? அம்பத்தூர் கம்பெனியில் ஷிப்டு எட்டு மணி நேரமா, பன்னிரண்டு மணி நேரமா? மழையில் நனைந்து சாப்பாடு டெலிவரி செய்யும் பையன் கீழே விழுந்து கால் உடைந்தால் செலவு யாருடையது?

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் உள்ள ஏதோ ஒரு வரியில்!

அந்த வரியை எழுதுவது யார்? சபைக்கு வருவதற்கு முன் அதை வரிக்கு வரி படித்துப் பார்ப்பது யார்? "இந்த வார்த்தையால் இன்னாருக்கு அடி விழும்" என்று முன்கூட்டியே சொல்ல ஆள் இருக்கிறதா?

சட்டக்கல்லூரி மாணவர்கள்தான் அந்த ஆட்களாக இருக்க முடியும். ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சி பெரும்பாலும் கோர்ட்டோடு நின்று போகிறது. சட்டம் பிறக்கும் இடத்துப் பக்கம் அவர்கள் போவது அபூர்வம்.

20 வாரம் எங்கே போகிறது?

சட்டப் படிப்பில் செயல்முறைப் பயிற்சி கட்டாயம். இந்திய பார் கவுன்சில் 2008-ல் கொண்டு வந்த சட்டக்கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டு படிப்பு மாணவர்கள் மொத்தம் 20 வாரமும், மூன்றாண்டு படிப்பு மாணவர்கள் 12 வாரமும் நேரடிப் பயிற்சி பெற வேண்டும். எந்த ஆண்டிலும் ஒரே தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் போகக்கூடாது.

எங்கே பயிற்சி எடுக்கலாம் என்றும் அதே விதி பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. வக்கீல்கள், நீதித்துறை, தொண்டு நிறுவனங்கள், கம்பெனிகள் எல்லாம் அதில் வருகின்றன. கூடவே சட்டமன்றமும், பாராளுமன்றமும், உள்ளாட்சி அமைப்புகளும் உண்டு.

அதாவது சட்டசபைப் பக்கம் போய் வேலை கற்றுக்கொள்ள விதியில் தடை இல்லை. வழியை விதியே காட்டுகிறது.

நடப்பது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் ஏதாவது ஒரு சீனியர் வக்கீல் ஆபீசில் சேருகிறார்கள். கேஸ் கட்டு தூக்குகிறார்கள், வாய்தா தேதி குறிக்கிறார்கள், ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். நல்ல சீனியர் கிடைத்தால் நாலு விஷயம் தெரிந்துகொள்வார்கள். இல்லாவிட்டால் கடைசி நாளில் ஒரு சர்டிபிகேட்டோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

கல்லூரிக்குள்ளும் இதே கதைதான். 'மாதிரி கோர்ட்' என்று ஒரு கட்டாயப் பாடம் உண்டு. பார் கவுன்சில் வகுத்துள்ள அளவுப்படி அதற்கு 100 மதிப்பெண். மாதிரி வழக்குகளில் வாதாட 30, நிஜ கோர்ட்டில் விசாரணையைப் பார்த்து எழுத 30, கட்சிக்காரரிடம் பேசி விவரம் வாங்குவது போன்ற வேலைக்கு 30, வாய்மொழித் தேர்வுக்கு 10. மனு எழுத, பத்திரம் எழுத தனியாக இன்னொரு கட்டாயப் பாடமும் இருக்கிறது.

பிளெயிண்ட் எழுதலாம், நோட்டீஸ் எழுதலாம், கிரயப் பத்திரமும் எழுதலாம். ஒரு மசோதாவில் ஒரே ஒரு ஷரத்து எழுதச் சொன்னால்? நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட முழிக்க வேண்டிய நிலைதான்.

கூப்பிடு தூரத்தில் கோட்டை

சென்னை அம்பேத்கர் அரசு சட்டக்கல்லூரி 1891-ல் தொடங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஐகோர்ட் வளாகத்திலேயே இருந்தது. 2018-ல்தான் புதுப்பாக்கம், பட்டரைபெரும்புதூர் என இரண்டு இடங்களுக்கு மாறியது.

ஐகோர்ட் வளாகத்தில் இருந்தபோது கல்லூரிக்குப் பக்கத்திலேயே கோர்ட். சட்டசபை நடக்கும் ஜார்ஜ் கோட்டையும் நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் பயிற்சி என்றாலே கால்கள் கோர்ட் பக்கம்தான் போயின. சட்டம் படிப்பது என்றால் வக்கீல் ஆவது, வக்கீல் என்றால் கோர்ட் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்து கிடக்கிறது.

சட்டம் கோர்ட்டுக்கு வருவது கடைசிக் கட்டத்தில். அதற்கு முன் நீண்ட பயணம் இருக்கிறது. துறையில் யோசனை பிறக்கிறது. சட்டத்துறை அதை வாசகமாக்குகிறது. மந்திரிசபை ஒப்புதல் தருகிறது. மசோதா சபைக்கு வந்து, விவாதம் முடிந்து, ஓட்டெடுப்பில் நிறைவேறுகிறது. பிறகு கவர்னர் கையெழுத்து, அரசிதழ், அதற்கும் பிறகு விதிமுறைகள்.

இத்தனை படிகளில் ஏதாவது ஒன்றில் தவறு நடந்தால், அதைக் கோர்ட்டில் சரி செய்ய வருடக்கணக்கில் ஆகும். ஏழை தொழிலாளிக்கு அத்தனை வருடம் அலைய காலில் தெம்பு இருக்குமா, கையில் காசுதான் இருக்குமா?

ஆறு நம்பர்... ஒரு மசோதா!

இதற்குத் தமிழ்நாட்டிலேயே கண் முன்னால் நடந்த உதாரணம் இருக்கிறது.

2023 ஏப்ரல் 12-ந் தேதி தமிழக சட்டசபையில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா அறிமுகமானது. அப்போது நடைமுறையில் இருந்த 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் '65-ஏ' என்று புதிதாக ஒரு பிரிவைச் சேர்ப்பதுதான் மசோதாவின் நோக்கம்.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். அந்தச் சட்டத்தின் 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளில் இருந்து தொழிற்சாலைகளுக்கு மாநில அரசு விலக்கு அளிக்கலாம்.

சாதாரண ஆள் படித்தால் ஆறு நம்பர். ஒன்றும் புரியாது. மூலச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் தலை சுற்றும்.

51 என்பது வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்ற பிரிவு. 52 வார விடுமுறை. 54 ஒரு நாளைக்கு 9 மணி நேர உச்சவரம்பு. 55, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பது. 56, ஓய்வையும் சேர்த்து மொத்தம் பத்தரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கக்கூடாது என்பது. 59, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம்.

ஒரு தொழிலாளியின் நாள் முழுக்க அந்த ஆறு நம்பருக்குள் அடங்கி இருக்கிறது!

வார வேலை நேரம் கூடாது, விருப்பப்படுகிறவர்களுக்கு மட்டும்தான், நாலு நாள் வேலை மூன்று நாள் லீவு என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. தொழிற்சங்கங்கள் ஏற்கவில்லை. ஏப்ரல் 21-ந் தேதி குரல் ஓட்டெடுப்பில் மசோதா நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. எதிர்ப்பு பலமானதும் ஏப்ரல் 24-ல் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

அறிமுகம் முதல் நிறைவேறும் வரை ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் மசோதாவையும் மூலச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கத்துக்கு எளிய தமிழில் குறிப்பு எழுதி, 234 எம்.எல்.ஏ.க்கள் கையிலும், சங்கங்கள் கையிலும் கொடுத்திருந்தால்? கேள்வி சபைக்குள்ளேயே கேட்கப்பட்டிருக்கும். பயிற்சி பெற்ற சட்ட மாணவருக்கு அது ஒரு நாள் வேலை.

ஸ்டூல் சட்டம் சொல்லும் பாடம்

நல்ல சட்டத்துக்கும் இதே கண் தேவைப்படுகிறது. கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்காக 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் '22-ஏ' பிரிவு சேர்க்கப்பட்டது. கேரளா 2018-லேயே இதைச் செய்திருந்தது. தமிழகத்தின் உட்காரும் உரிமை அப்படித்தான் சட்டத்தில் ஏறியது.

ஒவ்வொரு கடையிலும் ஊழியர்களுக்கு 'பொருத்தமான' இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலையின் நடுவே உட்கார 'வாய்ப்பு' கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

பாராட்ட வேண்டிய சட்டம். சந்தேகமே இல்லை. ஆனால் சட்டம் எழுதப் பழகிய கண் அங்கேயே இரண்டு கேள்வி கேட்கும்.

'பொருத்தமான' இருக்கை என்றால் எது? பத்து பேருக்கு ஒரு பெஞ்ச் போட்டால் போதுமா? 'வாய்ப்பு கிடைக்கும்போது' என்றால் அதை முடிவு செய்வது யார், ஊழியரா, சூப்பர்வைசரா? தீபாவளி நேரத்தில் கூட்டம் குறையவே இல்லை என்றால் வாய்ப்பே வராதா?

இந்தக் கேள்விகளுக்குப் பதிலைச் சட்டத்திலேயே எழுதி இருக்கலாம். விதிமுறையிலாவது எழுதலாம். எங்கும் எழுதாவிட்டால், பதில் சொல்வது கடை முதலாளியின் மனசுதான்.

ஒரு வாக்கியம்... வெளியே நின்ற டெலிவரி பையன்

இன்னொரு உதாரணம். 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில்தான் மத்திய சட்டம் ஒன்றில் முதல் முறையாக 'கிக்' தொழிலாளி என்ற பெயர் இடம் பிடித்தது. செயலி மூலம் வண்டி ஓட்டுபவர்கள், சாப்பாடு கொண்டு போகிறவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

பெயர் கிடைத்தது மகிழ்ச்சி. விளக்கம் எப்படி எழுதப்பட்டது தெரியுமா? வழக்கமான முதலாளி - தொழிலாளி உறவுக்கு 'வெளியே' வேலை செய்து சம்பாதிப்பவர் என்று!

அந்த 'வெளியே' என்ற ஒரு சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதலாளி - தொழிலாளி உறவு இருந்தால் தானாகக் கிடைக்கும் பி.எப்., இ.எஸ்.ஐ. போன்றவை இவர்களுக்கு நேராகக் கிடைப்பதில்லை. அதற்குப் பதில் தனி நலத்திட்டம் போடலாம், நிறுவனங்கள் ஆண்டு வியாபாரத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை அதற்குத் தரவேண்டும் என்று வழி சொல்லப்பட்டிருக்கிறது.

அது சரியா, தவறா என்பது தனி விவாதம். ஆனால் விளக்கப் பிரிவில் உள்ள ஒரு சொல் லட்சக்கணக்கான இளைஞர்களின் வாழ்க்கையில் கோடு போடுகிறது என்பதுதான் சட்ட மாணவர் கற்க வேண்டிய பாடம்.

இந்தச் சட்டத்தோடு சேர்த்து நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2019, 2020-ம் ஆண்டுகளில் நிறைவேறின. 29 பழைய சட்டங்களைச் சுருக்கி நான்காக்கியவை இவை. நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21-ல். நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேல் எங்கே போனது? 'அரசு அறிவிக்கும் தேதியில் இருந்து அமலுக்கு வரும்' என்ற ஒரு வரிக்குள்தான் போனது! மசோதாவைப் படிக்கத் தெரிந்தவர் முதலில் அந்த வரியைத்தான் தேடுவார்.

மாணவர்களால் முடியுமா?

"நேற்று முளைத்த பிள்ளைகளுக்கு சட்டம் எழுதுகிற வேலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. டெல்லியில் 2012 டிசம்பரில் மாணவி ஒருவருக்கு ஓடும் பஸ்சில் நடந்த கொடூரத்தை நாடு மறக்கவில்லை. அதன்பின் முன்னாள் தலைமை நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில் கமிட்டி அமைக்கப்பட்டது. பொதுமக்களிடம் இருந்து வந்து குவிந்த யோசனைகள் சுமார் 80 ஆயிரம்.

அத்தனையையும் அலசி, 2013 ஜனவரி 23-ந் தேதி, அதாவது ஒரே மாதத்தில், கமிட்டி அறிக்கை கொடுத்தது. ராப்பகலாக அதற்கு உழைத்தவர்களில் இளம் வக்கீல்களும் சட்ட மாணவர்களும் உண்டு. அதே ஆண்டில் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும், ஆசிட் வீச்சும் தனிக் குற்றங்களாக ஆயின. கமிட்டி சொன்ன எல்லாமே ஏற்கப்படவில்லை என்பது வேறு விஷயம்.

டெல்லியில் வேறு வாசல்களும் இருக்கின்றன. பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம் 2010 முதல் எம்.பி.க்களுக்கு உதவியாளர்களாக இளம் பட்டதாரிகளை அனுப்பி வருகிறது. ஒரு எம்.பி.க்கு ஒருவர். மசோதாவைப் படித்துக் குறிப்பு எடுப்பது, சபையில் கேட்கக் கேள்வி தயாரிப்பது, தனிநபர் மசோதாவுக்கு வாசகம் எழுத உதவுவது எல்லாம் அவர்கள் வேலை. மத்திய சட்ட அமைச்சகத்தின் கீழ், மசோதா எழுதப் பயிற்சி தருவதற்கென்றே ஒரு நிறுவனம் 1989 முதல் இயங்குகிறது. அங்கே சட்ட மாணவர்களுக்கும் பயிற்சித் திட்டம் உண்டு.

தனிநபர் மசோதா என்றால் வெறும் காகிதம் என்று நினைக்க வேண்டாம். திருநங்கையர் உரிமைக்காகத் தமிழகத்தைச் சேர்ந்த எம்.பி. திருச்சி சிவா கொண்டு வந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவையில் நிறைவேறியது. 45 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த அதிசயம் அது. அந்த மசோதா சட்டமாகவில்லை. ஆனால் அதன்பிறகே மத்திய அரசு சொந்தமாக மசோதா கொண்டுவந்து, 2019-ல் தனிச் சட்டம் பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

எல்லோருக்கும் டெல்லி எட்டுமா?

இங்கேதான் சிக்கல். டெல்லிக்குப் போய்த் தங்கிப் பயிற்சி எடுக்க இங்கிலீஷ் சரளமாக வர வேண்டும், கையில் காசு வேண்டும். அரசு சட்டக்கல்லூரியில் படிக்கும் கூலித் தொழிலாளி மகனுக்கும், கட்டிட வேலை செய்பவர் மகளுக்கும் அது எட்டாக்கனி.

ஆனால் ஓவர்டைம் என்றால் என்ன, நின்றுகொண்டே வேலை பார்த்தால் கால் எப்படி வீங்கும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் வீட்டிலேயே தெரியும். சட்டம் யார் மேல் போய் விழுகிறதோ அந்த வீட்டுப் பிள்ளை சட்டம் எழுதும் மேஜை பக்கத்தில் இருந்தால், 'பொருத்தமான' என்ற வார்த்தையைப் பார்த்ததும் கேள்வி கேட்கும்.

எனவே பயிற்சி உள்ளூரில் கிடைக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை.

முதல் படி கிராம சபை. தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தை எப்படி எழுத வேண்டும், எந்த அதிகாரத்தின் கீழ் எழுத வேண்டும் என்று பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பயிற்சி இடங்களின் பட்டியலில் உள்ளாட்சியும் இருப்பதால், முறையாக அனுமதி வாங்கிப் போனால் இதையும் கணக்கில் சேர்க்க முடியும்.

அடுத்தது எம்.எல்.ஏ. ஆபீஸ். பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் என்று மனு வாங்கவே அங்கே நேரம் சரியாகப் போகிறது. மசோதா வந்தால் மூலச் சட்டத்தோடு ஒப்பிட்டுக் குறிப்பு எழுதித் தர யார் இருக்கிறார்கள்? சபை நடக்கும் மாதத்தில் ஒரு தொகுதிக்கு இரண்டு மாணவர் போனால்கூட எம்.எல்.ஏ.வுக்கும் லாபம், மாணவருக்கும் லாபம்.

மூன்றாவது வகுப்பறை. மாதிரி கோர்ட் இருப்பது போல மாதிரி சட்டசபை. அது மேடை நாடகமாக இருந்தால் பயன் இல்லை. நிஜ மசோதாவை எடுத்து, பாதிக்கப்படுகிறவர்களிடம் நேரில் போய் விசாரித்து, திருத்த வாசகம் எழுதி, எவ்வளவு செலவாகும் என்ற குறிப்பும் சேர்த்து, அதற்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

நான்காவது, வரைவு நிலையிலேயே கருத்துச் சொல்வது. மத்திய அரசின் 2014-ம் ஆண்டு கொள்கைப்படி, மசோதா வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கொள்கைதான், கட்டாயச் சட்டம் அல்ல. ஆனாலும் வரைவு வெளியாகும்போதெல்லாம் ஒவ்வொரு சட்டக்கல்லூரியில் இருந்தும் ஒரு கருத்துரை போகலாமே?

கவனம் தேவை

ஆபத்தும் இல்லாமல் இல்லை. 'பயிற்சி' என்ற பெயரில் பிள்ளைகளைச் சம்பளம் இல்லாத எடுபிடிகளாக ஆக்கிவிடக் கூடாது. எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போகிறவர் கட்சிக் கொடி பிடிக்கும் நிலையும் வரக்கூடாது. எந்தக் கட்சி ஆபீசுக்கு யார் போவது என்பதைக் கல்லூரியே சுழற்சி முறையில் முடிவு செய்தால் பாதி பிரச்சினை தீரும். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவுக்காவது பணம் தர வேண்டும். இல்லாவிட்டால் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் போவார்கள்.

இன்னொன்று. சட்டம் எழுதுவது வருடக்கணக்கில் பழக வேண்டிய கலை. நாலு வாரத்தில் யாரும் அதில் கெட்டிக்காரர் ஆகிவிட முடியாது. ஆனால் நாலு வாரத்தில் ஒரு மசோதாவை எப்படிப் படிப்பது என்று தெரிந்துவிடும். 'லாம்' என்று இருக்கிறதா, 'வேண்டும்' என்று இருக்கிறதா? அபராதம் யாருக்கு, எவ்வளவு? எதை விதிமுறைக்கு விட்டிருக்கிறார்கள்? எந்தத் தேதியில் இருந்து அமல்? இந்த நாலு கேள்வி கேட்கத் தெரிந்தாலே பெரிய விஷயம்.

நாளைக்கே அந்த மாணவர் கோர்ட் வக்கீலாகப் போனாலும் இந்தப் பழக்கம் வீண் போகாது. தொழிற்சங்கத்துக்குப் போனாலும், பஞ்சாயத்து தலைவர் ஆனாலும், ஊர்க்காரர் ஒருவர் கையில் அரசாங்கக் காகிதத்தோடு வந்து "தம்பி, இதுல என்னப்பா போட்டிருக்கு?" என்று கேட்கும்போது பதில் சொல்ல உதவும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். சட்டம் அரசிதழில் ஏறிய பிறகு கோர்ட் வாசலில் நிற்பது வெள்ளம் வந்த பிறகு மூட்டை அடுக்குகிற கதை. அணை போடத் தெரிந்த பிள்ளைகள் சட்டக்கல்லூரிகளில் இருக்கிறார்கள். விதியும் வழி விட்டிருக்கிறது. கல்லூரிகளும், பல்கலைக்கழகமும், சட்டசபைச் செயலகமும் உட்கார்ந்து பேசினால் அடுத்த கூட்டத் தொடருக்கே தொடங்கிவிடலாம்.

அடுத்த முறை ஆறு நம்பரோடு ஒரு மசோதா வரும்போது, அந்த நம்பருக்குள் என்ன இருக்கிறது என்று கம்பெனி வாசலில் நிற்கும் தொழிலாளிக்கு சபை கூடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லப் போவது யார் என்பதுதான் இப்போதைய கேள்வி.